வந்தாயா, படித்தாயா? இரண்டு சட்ட வகுப்புகளின் விதிகள்

குழப்பம் 'சிலபஸ்' என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டத்துக்கு சிலபஸ் கேட்டால், பல்கலைக்கழகம் அச்சிட்ட தலைப்புப் பட்டியல் ஒன்றைத் தருவார்கள். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் (கொடுத்த வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது) என்று யூனிட் யூனிட்டாகப் போகும். அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் அதே சொல்லைச் சொன்னால், பாடம் எடுக்கும் பேராசிரியரே எழுதிய பல பக்க விதித்தாள் வரும். எந்தத் தேதிக்கு எந்தப் பக்கம் படித்து வர வேண்டும், லேப்டாப் திறக்கலாமா, எத்தனை வகுப்பு தவறலாம், மதிப்பெண் எப்படி விழும் என்று எல்லாம் அதில் இருக்கும். சமீப காலமாக சாட்ஜிபிடிக்கும் ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள்.

ஆக, அங்கே விதி எழுதுபவர் ஆசிரியர், இங்கே பல்கலைக்கழகமும், வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலும். மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் அங்கே அதே ஆசிரியர் என்பதால், மாணவர் அந்த ஆசிரியரைப் படிக்கிறார். இங்கே யார் கேட்பார், யார் திருத்துவார் என்று தெரியாது. அதனால் நாம் கடந்த பத்து வருடக் கேள்வித்தாள்களைப் படிக்கிறோம்.

முதலில் வருகைப் பதிவு. நம் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 12ஆம் விதி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை கேட்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், அந்தப் பாடத்தில் 65 சதவீதமும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 சதவீதமும் உள்ளவரை முதல்வர் தேர்வுக்கு அனுமதிக்கலாம். ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் எந்தச் சட்டக் கல்லூரி அலுவலக வாசலிலும் நிற்கும் கூட்டத்துக்கு இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். ஆனால் 2025 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவைக் காரணம் காட்டிச் சட்ட மாணவர் யாரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒரு மாணவரின் மரணத்திலிருந்து எழுந்த வழக்கு அது.

அமெரிக்காவிலும் வருகை விதி உண்டு. ஒழுங்கான வருகையைக் கல்லூரி வலியுறுத்த வேண்டும் என்று அமெரிக்க பார் அசோசியேஷன் சொல்கிறது. எத்தனை சதவீதம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனாலும் அங்கே மாணவரின் பயம் வருகையைப் பற்றியதல்ல. திடீரென்று பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பார்களே, அந்த 'கோல்டு கால்' பற்றியது.

1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் டீனாக வந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல் தொடங்கிவைத்த முறை இது. அடுத்த ஆண்டே ஒப்பந்தச் சட்டத்துக்கு ஒரு தீர்ப்புத் தொகுப்பை வெளியிட்டு, அதை வைத்துக் கேள்வி கேட்டே வகுப்பு நடத்தினார். நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு, 1872இல் வந்தது. ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு மரபுகள். ஒன்று தீர்ப்பில் தொடங்கி விதிக்குப் போகிறது, மற்றது பிரிவில் தொடங்கித் தீர்ப்புக்கு வருகிறது.

மறுபயன் என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொள்வோம். நம் வகுப்பில் பேர் ஆக்ட்டை, அதாவது உரையில்லாத சட்டப் புத்தகத்தை, திறந்து மறுபயனை வரையறுக்கும் 2(டி) பிரிவைப் படிப்பார்கள். பிறகு 1880களின் தொடக்கத்தில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னையா எதிர் ராமய்யா. தாய் மகளுக்குச் சொத்தை எழுதிவைக்கிறார், தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. மகளும் அப்படியே தருவதாக ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுக்கிறார். பிறகு தர மறுக்கிறார். மறுபயன் தாயிடமிருந்து வந்திருந்தாலும் செல்லும் என்பது தீர்ப்பு. சங்கதி, பிரச்சினை, முடிவு என்று மூன்று பத்தியில் நோட்ஸ் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் தெளிவாகப் புரியும், அதை மறுக்க முடியாது.

அங்கே 1891இல் நியூயார்க்கில் தீர்ப்பான ஹேமர் எதிர் சிட்வே. 21 வயது வரை குடி, புகையிலை, கெட்ட வார்த்தை, காசு வைத்துச் சீட்டு, பில்லியர்ட்ஸ் எதுவும் தொடாமல் இருந்தால் 5,000 டாலர் தருகிறேன் என்று தம்பி மகனுக்கோ அண்ணன் மகனுக்கோ ஒருவர் வாக்குக் கொடுக்கிறார். (சித்தப்பாவா பெரியப்பாவா என்று தமிழ் மூளை தேடும். தீர்ப்பு 'அங்கிள்' என்று முடித்துக்கொள்கிறது.) பேராசிரியர் ஒருவரை எழுப்புவார். பையன் விட்டது கெட்ட பழக்கத்தைத்தானே, அவன் என்ன இழந்தான்? அங்கிளுக்கு என்ன லாபம்? அந்த வயதில் குடிப்பதே குற்றமாக இருந்திருந்தால் உங்கள் பதில் மாறுமா? ஒரே மாணவர் கால் மணி நேரம் நிற்க வேண்டி வரலாம். விடையைப் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு மணிக்கணக்கு இருக்கிறது. அமெரிக்க விதிப்படி ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, குறைந்தது இரண்டு மணி நேர வெளிப்படிப்பு. 15 கிரெடிட் எடுத்தவருக்கு வகுப்பு 15 மணி, வீட்டில் 30 மணி. நம் 2008 விதிகளோ டுடோரியல், மூட் கோர்ட் (மாதிரி வழக்காடல்), கருத்தரங்கு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு கேட்கின்றன, அதில் 24 மணி விரிவுரை. முப்பது மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தவரிடம் நாளைக்கு நாற்பது பக்கத் தீர்ப்பைப் படித்துவா என்று சொல்லிப் பாருங்கள். கோல்டு காலை மட்டும் இறக்குமதி செய்ய ஆசைப்படும் நம் இளம் ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதலாண்டில் பல பாடங்களுக்கு செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வுதான், பெயருக்குப் பதில் எண். வகுப்புக்குள் எத்தனை பேர் 'ஏ' வாங்கலாம் என்று கர்வ் என்ற ஒப்பீட்டு மதிப்பெண் முறை கட்டிப்போடும். எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் நன்றாக எழுதினால் நம் கிரேடு இறங்கும் ஏற்பாடு அது. நம்முடைய கிளினிக்கல் தாள்கள், அதாவது செய்முறைப் பாடங்கள், அதைவிட நியாயமானவை. மூட் கோர்ட் தாளில் மூட்டுக்கு 30, இரண்டு வழக்கு விசாரணைகளை நேரில் பார்த்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரர் நேர்காணல் முதலான முன்தயாரிப்புக்கு 30, வைவாவுக்கு 10. காகிதத்தில் அருமையான திட்டம். ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கிக் காப்பியடிக்காத வரை.

இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், நம் ஊர் வகுப்புக்கு நான் முழு கோல்டு காலைச் சொல்ல மாட்டேன். காரணம் மொழி. தமிழில் தேர்வு எழுதும் மாணவரை எழுப்பி ஆங்கிலத் தீர்ப்பை ஆங்கிலத்தில் குறுக்குக் கேள்வி கேட்டால், அவர் தடுமாறுவது ஆங்கிலத்தில்தான். சட்டம் தெரியாதவர் என்ற பெயர் மட்டும் வகுப்பு முழுக்க மிஞ்சும். வருகைச் சதவீதத்தை மட்டும் நம்புவதும் வேண்டாம். அது எண்ணுவது ஆளை, அவர் படித்ததை அல்ல. வராதவருக்குப் பதிலாக ப்ராக்ஸி வருகை கொடுத்த நண்பர்கள் உள்ள எவருக்கும் இது தெரியும்.

அமெரிக்காவிலேயே பல ஆசிரியர்கள் பிடித்திருக்கும் நடுவழி ஒன்று உண்டு. நாளை யாரைக் கேட்பேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. திங்கள் முதல் வரிசை, புதன் இரண்டாம் வரிசை. எண்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் முறை வரும், அந்த இரண்டு நாளுக்குப் படித்து வருவது முப்பது மணிக்காரருக்கும் முடியும். பதிலைத் தமிழில் சொல்ல விடுங்கள். கூடவே, செமஸ்டருக்கு ஒரு முறை காரணம் சொல்லாமல் 'இன்று என்னை விட்டுவிடுங்கள்' என்று வகுப்புக்கு முன்பே ஒரு மெசேஜ் அனுப்பும் சலுகை. இதை முதல் நாள் கொடுக்கும் ஒரு பக்கத் தாளில் எழுதிவிடலாம், பல்கலைக்கழக அனுமதி தேவையில்லை.