முதன்முறை கோழி வாங்குகிறீர்களா? குஞ்சோடு தாயையும் சேர்த்து வாங்குங்கள்

வீட்டில் கோழி வளர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ரகம் வாங்குவது என்றுதான். சில வருடங்களாக எங்கள் கொல்லையில் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி, முட்டைக்கென்று உருவாக்கிய கிராமப்பிரியா, கின்னிக்கோழி, மணிலா வாத்து என எல்லாம் இருந்திருக்கின்றன, சில இன்னும் இருக்கின்றன. ரகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் கோழியைக் குஞ்சு பொரித்த தாயாக, குஞ்சுகளோடு சேர்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் அந்தத் தாய் உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

பொரிப்பகத்தில் வாங்கும் ஒருநாள் குஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அதற்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதற்கு வட்டமாகத் தகடோ அட்டையோ கட்டி, உமி பரப்பி, மேலே குண்டு பல்பு தொங்கவிட வேண்டும். உமியைக் கொத்தித் தின்னாமல் இருக்க முதல் சில நாட்கள் மேலே செய்தித்தாள் விரிக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் விழுந்து நனையாமல் இருக்கக் கூழாங்கல் போட வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று பார்த்துப் பார்த்துப் பல்பை ஏற்றி இறக்க வேண்டும். நடுராத்திரி கரண்ட் போனால் எழுந்திருக்க வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை, நானும் செய்கிறேன். ஆனால் கோழி என்றால் என்னவென்றே பழகாத ஒருவருக்கு இது தொடக்கமாக இருக்கக் கூடாது.

தெருவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை வாங்கவே வேண்டாம். பெரும்பாலும் அவை முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். முட்டையும் கிடைக்காது, உடம்பில் கறியும் பிடிக்காது. சாயம் பூசி வெயிலில் சுமந்து வந்ததில் பாதி உயிர் ஏற்கெனவே போயிருக்கும். பாவம், குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வாங்கினால் அடுத்த வாரம் அவர்கள்தான் அழுவார்கள்.

தாய்க்கோழி இருந்தால் இந்தக் கவலைகளில் பெரும்பகுதி அதனுடையது. குஞ்சுகளுக்குச் சூடு அதன் இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. காலால் மண்ணைச் சீய்த்து, கிடைத்ததைத் தானே தின்னாமல், அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, தணிந்த குரலில் விடாமல் கூப்பிடும். குஞ்சுகள் ஓடிவந்து அதையே கொத்தும். எது தீனி, எது கல் என்று அப்படித்தான் பழகுகின்றன. பருந்து நிழல் தெரிந்தால் அதே கோழி நீளமாக ஒரு சத்தம் கொடுக்கும். கொல்லை முழுக்கத் திரிந்த குஞ்சுகள் ஒரு நொடியில் செடிக்கு அடியில் போய் அசையாமல் ஒடுங்கிவிடும். பல்பு இதைச் சொல்லித் தராது.

நாம் செய்ய வேண்டியது தீனிக்குக் கொஞ்சம் துணை. நொய், கம்பு, தவிடு போதும். கரையான் பிடித்துக் கொடுத்தால் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிய வளரும். பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் பக்கமாக சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் திறந்தால் கரையான் மொய்த்துக் கிடக்கும்.

இரண்டு காரியம் மட்டும் தாயால் முடியாது. ஒன்று ராத்திரிக் காவல். கீரியும் மரநாயும் வராத ஊர் இல்லை. அறுகோணக் கண்ணி போட்ட மெல்லிய கோழிவலையை நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும். கொஞ்சம் செலவானாலும் கம்பிகளைப் பற்றவைத்த வெல்டு மெஷ் அடியுங்கள். கூட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள், உள்ளே ஏறி உட்காரக் குறுக்குக் கம்பு வையுங்கள். பஞ்சாரம் என்னும் கோழிக்கூடை பகலில் கவிழ்த்து வைக்கத்தான், ராத்திரிக்கு அதை நம்ப முடியாது.

இன்னொன்று வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேட் நோய், கோழிக்கழிச்சல் என்பதெல்லாம் இதுதான். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகும். வந்த பிறகு மருந்து கிடையாது, முன்பே தடுப்பு மருந்து போடுவதுதான் வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, நான்காம் வார வாக்கில் மறுபடி ஒருமுறை, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஆர்2பி ஊசி. குஞ்சுகளைப் பிடிக்க இருட்டுவதற்குச் சற்று முன் போங்கள். தாயின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும் வரை பிடித்திருந்து அப்புறம் விட வேண்டும். சிக்கல் என்னவென்றால் புட்டி சிறியதே நூறு கோழிக்கானது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் நாங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுவிடுகிறோம். ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் எடுத்து வராத மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். கோடைக்கு முன் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள், அங்கே காசு வாங்குவதில்லை.

சிறுவிடைக் கோழி ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை. அவ்வளவுதான் அதன் கணக்கு. வீட்டுக்கு முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்குக் கிராமப்பிரியா நல்லது, இதைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே இடும். ஆனால் அது அடைக்கு உட்காராது. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பொரிப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

அடை வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. "கோழி கேறிக்கிட்டுத் திரியுது பாரு ஆத்தா, மூலையில ஒரு கூடைய வையி" என்று எதிர்வீட்டு அப்பத்தா குரல் கொடுத்தால் முட்டைக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இட்டு முடித்து அது அடைக்கு உட்காரும்போது கூடையில் மணல் பரப்பி, ஒரு வாரத்துக்கு மேல் பழையதாகாத முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு வைப்பேன். ஏழாம் நாள் இருட்டில் மொபைல் டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரு பிடித்திருந்தால் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். வெறுமனே வெளிச்சம் ஊடுருவினால் அது பொரியாது. அப்போதே எடுத்துவிட்டால் கூமுட்டை வெடித்து மற்றதைக் கெடுக்காது. 21ஆம் நாள் குஞ்சு வரும்.

மற்ற பறவைகளைப் பற்றிச் சுருக்கமாக. மணிலா வாத்து கத்தாது, சீறும், அவ்வளவுதான். நோய்த் தொல்லை குறைவு, அடையில் பொறுமைசாலி, ஆனால் அதன் முட்டைக்கு 35 நாள் ஆகும், தண்ணீர் வைத்த இடமெல்லாம் சேறாக்கும். கின்னிக்கோழி பாம்பைக் கண்டாலும் புது ஆளைக் கண்டாலும் ஊரைக் கூட்டும். பக்கத்தில் வீடு இருந்தால் வாங்காதீர்கள். வான்கோழியைக் கோழிகளோடு ஒரே இடத்தில் விடக் கூடாது. கோழியின் குடற்புழு வழியாக வரும் கருந்தலை நோய் கோழியைப் பெரிதாகப் பாதிக்காது, வான்கோழியைக் கொன்றுவிடும்.

வாங்கும்போது சந்தையைவிட தெரிந்த வீடு மேல். தாயின் இறக்கைக்கு அடியில் விரலால் விலக்கிப் பாருங்கள், செள்ளுப் பூச்சி ஓடினால் வேண்டாம். ஆசனவாயைச் சுற்றி இறகு ஒட்டிப் போயிருந்தாலும் வேண்டாம். குஞ்சுகளைத் தொட்டால் தாய் உங்களைக் கொத்த வர வேண்டும். ஏற்கெனவே கோழி இருக்கும் வீடு என்றால் புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனியாக வைத்து, தீனித் தட்டையும் தனியாக வைத்து, அப்புறம் கூட்டத்தில் விடுங்கள்.