ஆளுக்கு ஒரு கப் இனிப்பு: 10 லிட்டர் ஓ.டி.ஜி. வாங்கலாமா?

ஓ.டி.ஜி. (கேக் சுட, டோஸ்ட் போட, கிரில் செய்ய உதவும் சின்ன மின் அடுப்பு) வாங்கப் போனால், "சின்னது எதுக்குங்க, 25 லிட்டர் எடுத்துக்கோங்க" என்றுதான் சேலத்துக் கடைகளில் சொல்வார்கள். ஒரு கிலோ கேக் போடுகிற வீட்டுக்கு அது சரியான பேச்சு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு கப் இனிப்பு போதும், மிச்சம் ஃபிரிட்ஜில் இருந்தால் அதையும் எடுத்துத் தின்றுவிடுவோம் என்பவர்களுக்கு 9 அல்லது 10 லிட்டர்தான் பொருத்தம். தட்டில் நாலு கப்புக்கு மேல் வசதியாக நிற்காது. அந்தக் குறையைத்தான் நாங்கள் முதல் நிறையாகச் சொல்வோம்.

இந்த அளவு அடுப்புகள் பெரும்பாலும் 800 முதல் 1200 வாட் வரை இழுக்கும். 800 வாட் என்றால் சாதாரண 6 ஆம்ப் பிளக்கே தாங்கும். 1200 வாட்டை 16 ஆம்ப் பாயின்ட்டில் போடுவது நல்லது. சூடேற்ற 10 நிமிடம், வேக 20 நிமிடம் என்று ஓடினாலும் 800 வாட் அடுப்பு அரை யூனிட்டைத் தொடாது. ஆனால் சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் ஒன்றைக் கவனியுங்கள். 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் வெப்பம் கால் பங்கு குறைந்துவிடும். கேக் வெளிறிப்போய் நடுவில் பிசுபிசுவென்று நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம், மாவில் கோளாறு இருக்காது.

பெரிய குறை, சூடேற்றும் மேல் கம்பி ரொம்பப் பக்கத்தில் இருப்பது. பத்தாவது நிமிடத்திலேயே மேல்புறம் சிவந்துவிடும், உள்ளே மாவு பச்சையாக இருக்கும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் தனித்தனியாகப் போட சுவிட்ச் உள்ள மாடலை மட்டும் வாங்குங்கள். அது இல்லாமல் ஏற்கெனவே வாங்கிவிட்டால், தட்டை அடிவரிசையில் வைத்து, மேல்புறம் லேசாக நிறம் மாறியதும் அலுமினிய ஃபாயில் ஒன்றை மேலே தளர்வாகப் போட்டு மூடுங்கள். ஃபாயில் கம்பியில் படவே கூடாது.

வெப்பநிலைக் குமிழையும் அப்படியே நம்ப வேண்டாம். 180-ல் வைத்தால் உள்ளே 20 டிகிரி கூடவோ குறைவாகவோ இருப்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்றும், ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் தராசு ஒன்றும் அடுப்போடு சேர்த்தே வாங்க வேண்டியவை. டைமரைப் பத்து நிமிடத்துக்குக் கீழே வைப்பதானால், முதலில் 20-ஐத் தாண்டித் திருகிவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும்; இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.

கப் கேக் ஊற்றும் அச்சுக்கு வருவோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எவர்சில்வர் கிண்ணம் விதவிதமாகக் குவிந்து கிடக்கும், ஆனாலும் இந்த வேலைக்கு 60, 70 மில்லி பிடிக்கும் அலுமினிய ஜெல்லி அச்சுதான் வேண்டும். எவர்சில்வர் சூட்டை மெதுவாகக் கடத்தும். சின்ன அடுப்பில் மேல்புறம் கருகும்வரை அடி வேகாது. தயிர் சேர்த்த மாவு என்பதால் அலுமினியத்துக்குள் காகிதக் கப் போட்டுவிடுங்கள்.

இனி கப் கேக்குக்கான அளவு. இரண்டு கப்புக்கு மைதா 30 கிராம், நாட்டுச் சர்க்கரை 20, புளிக்காத தயிர் 25, எண்ணெய் 12, பால் ஒரு மேசைக்கரண்டி. ஒரு கப்புக்கு 10 கிராம் சர்க்கரைதான் வருகிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குக்குள் இது அடங்கும். சிக்கல் சோடா உப்பில் வரும். 30 கிராம் மாவுக்குத் தேவையான சோடாவை எந்தக் கரண்டியாலும் சரியாக அளக்க முடியாது. துளி கூடினால் சவுக்கார வாடை, நடுவில் பள்ளம். அதனால் 300 கிராம் மைதாவில் பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன் சேர்த்து மூன்று முறை சலித்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் 30 கிராம் மைதாவுக்குப் பதில் அதில் 31 கிராம் எடுத்தால் போதும்.

நாட்டுச் சர்க்கரையைச் சலித்து, தயிர், எண்ணெய், பாலோடு முழுக்கக் கரைத்த பிறகே மாவைப் போட வேண்டும். கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். கொஞ்ச மாவு சீக்கிரம் இழுபட்டுவிடும். தயிர் பட்டவுடன் சோடா வேலையைத் தொடங்கிவிடுவதால் மாவைக் காக்க வைக்காதீர்கள், அடுப்பை முன்பே சூடாக்கி வையுங்கள். அச்சில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். 170 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை வாங்கும்போது வெளிர் மஞ்சளாகப் பளபளப்பதை விட்டுவிட்டு, கரும்பழுப்பாக இருப்பதை எடுங்கள். மணமும் நிறமும் அதில்தான்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்த அளவு அப்படியே ஒத்துவராது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கேக் வேகமாகப் பொங்கி, வேகும் முன்பே அமுங்கிவிடும். டப்பா மாவில் பேக்கிங் பவுடரையும் சோடாவையும் கால் பங்கு குறையுங்கள், பாலை ஒரு டீஸ்பூன் கூட்டுங்கள், வெப்பத்தை 10 டிகிரி ஏற்றுங்கள்.

இந்த அடுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்தது நான்கட்டாய் பிஸ்கட். மைதா 100, கடலை மாவு 20, நெய் 60, பொடித்த சர்க்கரை 60 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், ஏலக்காய். பிசைந்து 15 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 16 வரும். எல்லாவற்றையும் ஃபிரீசரில் வைத்து, தேவையானபோது இரண்டை மட்டும் எடுத்து 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் சுட்டால் போதும். பச்சை மாவை யாரும் திருட்டுத்தனமாகத் தின்ன மாட்டார்கள்! நெய் உறைந்த பதத்தில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சேலத்தில் நெய் தண்ணீராக ஓடும். அப்படியே பிசைந்தால் உருண்டை தட்டில் பரந்து அப்பளமாகிவிடும். இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிசையுங்கள்.

கண்டென்ஸ்டு மில்க் கேட்கும் குறிப்புகளை இந்த அளவுச் சமையலுக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு கப்புக்கு 50 கிராம் எடுத்தால், திறந்த டின்னில் பாக்கி முந்நூறு கிராமுக்கு மேல் நிற்கும்.

கடையில் காசு கொடுக்கும் முன் கதவை மூடி, ஓரத்தில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சூடு அந்த வழியாகவே போய்விடும், வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நாலு பேருக்கு மேல் இருக்கும் வீட்டுக்கும், ரொட்டி சுட நினைப்பவர்களுக்கும் இந்த அடுப்பு வேண்டாம். ரொட்டி எழும்பினால் மேல் கம்பியைத் தொட்டுவிடும்.