கீழே ட்யூன் பண்ணினால் மேலே புகை: 64,000 கிலோமீட்டர் சர்வீஸ் அனுபவம்

150 சிசி பைக், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடல், 2018-இல் எடுத்தது. கம்பெனிப் பெயரைச் சொன்னால் டீலர் யாரென்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். வீடு குன்னூர், வேலை ஊட்டி. தினமும் போக வர 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் ஒரு தடவை கோயம்புத்தூர்.

வண்டியை எடுத்தது மேட்டுப்பாளையத்தில், முதல் மூன்று ஃப்ரீ சர்வீஸும் அங்கேயே. ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் ‘இன்ஜின் ட்யூனிங்’ என்று டிக் அடித்துத் தருவார்கள். மலையடிவாரத்தில் இருக்கிற கல்லாறு வரை வண்டி வெண்ணெய் மாதிரி போகும். மலைப்பாதையில் பர்லியார் தாண்டினதும் கனக்க ஆரம்பிக்கும். குன்னூர் வருவதற்குள் மூன்றாவது கியரில் இழுக்க வேண்டிய ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. மைலேஜ் 38-க்கு இறங்கிவிட்டது. திரும்பப் போய்ச் சொன்னதற்கு சூப்பர்வைசர், “புது வண்டிங்க சார், ஓட ஓடச் சரியாயிருமுங்க” என்றார். 8,000 கிலோமீட்டர் ஓடியும் ஆகவில்லை.

அவர்கள் செய்த ட்யூனிங் தப்பில்லை, மேட்டுப்பாளையத்துக்கு அது சரிதான். அந்த ஊர் 330 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அதெல்லாம் தெரியாது. காற்று குறைந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது. மிச்சப் பெட்ரோல்தான் கரும்புகை, கரி, இழுவைக் குறைவு எல்லாம்.

சரி, மலை மேலேயே இருக்கிற டீலரிடம் விட்டால் தெரிந்து செய்வார்கள் என்று நம்பி மாற்றினேன். அங்கே நடந்தது இன்னும் மோசம். காலையில் ஜில்லென்று நிற்கிற வண்டி ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்காமல் அணைகிறது என்று சொன்னேன். பையன் இன்ஜினைச் சூடு பண்ணக்கூட இல்லை, ஐடிலிங் ஸ்க்ரூவை இரண்டு திருகு ஏற்றிவிட்டு “ஓகே சார்” என்றான். பில்லில் ட்யூனிங் 150 ரூபாய். வண்டி அணையவில்லைதான். ஆனால் மறுநாள் காட்டேரி ஊர்ப் பக்கம் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக விட்ட பிறகும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. மலையில் நாம் பாதி பிரேக்கை இன்ஜினிடம்தான் வாங்குகிறோம். ஐடிலிங்கை ஏற்றிவைத்தால் அந்தப் பிடி போய்விடும். கொண்டை ஊசி வளைவில் இது தெரிந்தபோது வயிறு கலங்கியது. வாட்டர் வாஷ் வேறு. பிளக் கேப்புக்குள் தண்ணீர் போய் அடுத்த நாள் காலையில் உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

நாலாவது வருடம் அதே ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டி போனது, என் அதிர்ஷ்டம். பின்பக்கம் நின்று வேலை பார்ப்பவர், கஸ்டமர் முன்னால் வரவே மாட்டார். “தம்பி, ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும்” என்றார். டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இடைவெளியை ஆறின இன்ஜினில்தான் பார்க்க வேண்டும், வந்து இறங்கின சூட்டில் செட் பண்ணினால் கணக்குத் தப்பும் என்றார். காலையில் டேப்பட்டை முடித்துவிட்டு, தொட்டபெட்டா பிரிவு வரை ஓட்டிச் சூடாக்கி வந்த பிறகுதான் மிக்சர் ஸ்க்ரூவில் (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கை வைத்தார். முழுசாக உள்ளே மூடி, அங்கிருந்து வெளியே எத்தனை சுற்று என்று எண்ணித் திருப்பினார். அதோடு விடவில்லை. அந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கும் லேசான ஆக்சிலேட்டருக்கும்தான், ஏற்றத்தில் முறுக்கும்போது பெட்ரோல் மெயின் ஜெட் (கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னத் துளைப் பாகம்) வழியாகத்தான் போகும், ஒரு சைஸ் சின்ன ஜெட் போட்டால்தான் தீரும் என்றார். ஸ்டாக் இல்லை, வரவழைக்கப் பத்து நாள் ஆனது.

அதற்குப் பிறகு பிளக் செங்கல் நிறத்தில் இருக்கிறது. மைலேஜ் 47, 48. காணாமல் போன இழுவை முழுசும் திரும்பவில்லை, இல்லாத காற்றை யாரால் கொண்டுவர முடியும்? மூன்றாவது கியர் மட்டும் திரும்பக் கிடைத்தது. இதற்கு விலையும் உண்டு. மேலே சரியாக இருப்பது கீழே போனால் பெட்ரோல் போதாமல் ஆகிவிடும். கோயம்புத்தூர் வெயிலில் இன்ஜின் கூடுதலாகச் சூடாகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலென்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. நான் அங்கே 60-க்கு மேல் போவதில்லை. வாரா வாரம் கீழே இறங்குகிறவர்கள் ஜெட்டை மாற்றவே வேண்டாம், ஸ்க்ரூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பெரிதாக இல்லை. பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். என் தம்பியின் வண்டி அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால் அவன் பில்லிலும் ட்யூனிங் சார்ஜ் இருக்கிறது! திருகுவதற்கு அதில் மிக்சர் ஸ்க்ரூவே கிடையாது. ஸ்கேனர் போட்டீர்களா, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) கழுவினீர்களா, டேப்பட் பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி கேட்டதும் 150 ரூபாய் பில்லிலிருந்து காணாமல் போனது.

அந்த மூத்தவர் போன வருடம் வேலையை விட்டுப் போய்விட்டார். போவதற்கு முன் கடைசி சர்வீஸில் சைடு கவரின் உள்பக்கம் மிக்சர் ஸ்க்ரூவின் சுற்றுக் கணக்கை மார்க்கரில் எழுதித் தந்தார்: மேலே 1½, கீழே 2¼. இப்போது சர்வீஸுக்கு விடும்போது கவரைக் கழற்றி அதைக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். போன தடவை வந்த புதுப் பையன் அதைப் படித்துவிட்டு, “இது யார் எழுதினது அண்ணா?” என்று கேட்டு போனில் படம் எடுத்துக்கொண்டான்.