வடுவூர் வீட்டுக்கு வந்த 55 இஞ்ச் டிவியும் அதற்கு வேண்டிய சிக்னலும்

அம்மாவுக்குத் தினமும் தெரிந்தாக வேண்டிய விஷயம் ஒன்றுதான்: மேட்டூர் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது. செய்திச் சேனலில் திரைக்கு அடியில் ஓடும் வரியில் அது வரும். பழைய 32 இஞ்ச் டிவியில் அதைப் படிக்க அம்மா ஊஞ்சலை விட்டு எழுந்து, திரைக்கு இரண்டு முழம் பக்கத்தில் போய் நிற்பார். கண்புரை ஆபரேஷன் முடிந்த பிறகும் அப்படித்தான். பெரிய டிவி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். பாதிதான் தீர்ந்தது. மீதிப் பாதி டிவிக்குள் வருகிற சிக்னலில் இருந்தது. அது புரிவதற்குள் சில மாதம் ஓடிவிட்டது.

எங்களுடையது நடுவில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. கூடத்தில் ஊஞ்சலிலிருந்து சுவர் வரை ஒன்பதரை அடி. கடைக்குப் போவதற்கு முன்பே 43, 50, 55, 65 என்று நான்கு அளவுக்கும் பழைய பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பார்த்தோம். 65 அறைக்கதவின் நிலையை இடித்தது. 55 இஞ்ச் திரை சுமார் 4 அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். அது சுவருக்குப் பொருந்தி உட்கார்ந்தது. செலவில்லாத வேலை, நீங்களும் செய்து பாருங்கள்.

போன தீபாவளிக்கு முன்னால், தஞ்சாவூரில் ஒரு பெரிய கடையில் வாங்கினோம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. 50,000 ரூபாய் போட்டிருந்த டிவி சுமார் 46,000க்கு வந்தது.

கடையில் எல்லா டிவியும் அழகாகத்தான் தெரியும். பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிற கிளியும் பழமும் தண்ணீர்த்துளியும் எந்தத் திரையிலும் மின்னும். நம் வீட்டில் கிளியா பார்க்கப்போகிறோம்? கடைத் தம்பியிடம், "இதுல சாதாரண கேபிள் போட்டுக் காட்டுப்பா, நியூஸ் சேனல்" என்றேன். "அண்ணே, யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்களே" என்றாலும் உள்ளே போய் ஒயரை இழுத்து வந்து மாட்டினார். பளிங்கு மாதிரி இருந்த நான்கு டிவியில் இரண்டு, கேபிள் வந்ததும் சேறடித்த மாதிரி ஆகிவிட்டன. மற்ற இரண்டும் ஓரளவு சமாளித்தன.

இதற்குக் கணக்கு எளிது. சாதாரண கேபிளில் வருகிற எஸ்டி, அதாவது தெளிவு குறைந்த படத்தில் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. வருகிற ஒவ்வொரு புள்ளியையும் டிவி 20 புள்ளியாக்கித் திரையை நிரப்ப வேண்டும். இல்லாததை ஊகித்து நிரப்புகிற வேலை அது. உள்ளே இருக்கிற சிப் நன்றாக இருந்தால் முகம் முகமாகத் தெரியும், இல்லையென்றால் மெழுகு பூசிய மாதிரி. ஃபுல் எச்டி, அதாவது 1920க்கு 1080 என்றால், ஒன்றை நான்காக்கினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 55 இஞ்ச் திரையை ஒன்பதரை அடியிலிருந்து பார்த்தால் ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் புள்ளிக் கணக்கில் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. எஸ்டிக்கும் எச்டிக்கும் அதே தூரத்தில் நன்றாகவே தெரியும். இந்த அளவில் கடையில் கிடைப்பதெல்லாம் 4கே-தான் என்பதால் வாங்கினோம். மற்றபடி 4கே என்ற எழுத்துக்காக நான் தனியாக ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் பேனல், அதாவது படம் தெரிகிற திரைப் பலகை. ஒரே விலையில் இரண்டு வகை இருந்தன. விஏ பேனலில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், நேராக உட்கார்ந்து பார்க்க அருமை. பக்கவாட்டில் போனால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும், ஆனால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. எங்கள் வீட்டில் ஊஞ்சல் நேர் எதிரே. என் மனைவி பார்ப்பது அடுப்படி வாசலிலிருந்து, அதுவும் நன்றாகச் சாய்ந்த கோணத்தில். அவளைக் கடையில் ஒவ்வொரு டிவிக்கும் ஓரமாக நிற்கச் சொல்லி, "செய்தி வாசிக்கிற பொண்ணு முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு ஐபிஎஸ் எடுத்தோம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் படம் மனதை இழுத்தது உண்மை. ஆனால் பகல் முழுக்க முற்றத்து வெயில் எதிர்ச் சுவரில் விழுகிற வீட்டுக்கு அதன் வெளிச்சம் போதாது என்று பட்டது. விலையும் கைக்கு எட்டவில்லை.

சரி, டிவி வந்துவிட்டது. கேபிளை மாட்டினோம். அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, "ஏன்டா, எழுத்து பெருசா இருக்கு, ஆனா கலங்கி இருக்கே" என்றார். 106 அடியா 108 அடியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர்க் கேபிளில் வந்தது எஸ்டி படம். பெரிய திரையில் அந்தக் கலங்கலும் பெரிதாகிவிட்டது.

அடுத்த வாரமே டிஷ் போட்டு எச்டி பாக்ஸ் வாங்கினேன். வந்தவர் டிஷ்ஷைத் திருப்பி, பாக்ஸை மாட்டி, பணம் வாங்கிக்கொண்டு போனார். படம் கேபிளைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். எச்டி சேனலுக்குத் தனியாக மாதப் பணமும் கட்டினேன். கார்த்திகைக்கு வந்த அக்கா மகன்தான் டிவிக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, மஞ்சள் வெள்ளை சிவப்பு ஒயர்ல மாட்டியிருக்காங்க" என்றான். அந்த மூவர்ண ஒயரில் எச்டி வரவே வராது. எச்டிஎம்ஐ ஒயர் வாங்கி மாட்டினோம். அப்போதும் பெரிய மாற்றம் இல்லை. பாக்ஸின் செட்டிங்கில் போனால் வெளியீடு 576இல் நின்றது. அதை 1080 ஆக்கிய அந்த நொடியில், வாசிப்பவரின் புடவைக் கரை நூல் நூலாகத் தெரிந்தது. அடியில் ஓடும் வரியில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. டிவியின் திரை அளவு அமைப்பு படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டிருந்தது. அதையும் மாற்றியதும் வரி முழுசாகக் கிடைத்தது. 'விவிட்' என்ற கண்ணைப் பறிக்கும் நிறத்தை 'சினிமா'வுக்கு மாற்றி, ஷார்ப்னஸைப் பாதியாகக் குறைத்தேன். எத்தனை வீட்டில் எச்டிக்குப் பணம் கட்டிவிட்டு மூவர்ண ஒயரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ! இன்றைக்கே டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.

டிஷ்ஷுக்கு எதிரி மழை. 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வருகிற அந்த அலையைக் கன மழை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் பெய்கிற பெய்யில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, கடைசியில் சிக்னல் இல்லை என்று நிற்கும். புயல் செய்தி வேண்டிய நேரமும் அதுதானே. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பழைய டிஷ் கம்பியோடு பிய்ந்து வயலில் கிடந்தது. என் சின்ன வயதில் அப்பா மூங்கில் நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, கடல் தாண்டி இலங்கையின் ரூபவாகினி சேனலைப் பிடிப்பார். காற்றடித்தால் ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாசலில் நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்த வேண்டும். இப்போது கம்பத்தைச் சுவரோடு இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறேன்.

இந்த மழைத் தொல்லைக்கு விடை, ஃபைபர் இணையம். கண்ணாடி இழையை மழை ஒன்றும் செய்யாது. 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் வேகம் இருந்தால் தாராளம். ஓட்டு வீட்டுச் சுவர் கனம் என்பதால் வைஃபை கூடத்துக்கு வரும்போது தளர்ந்துவிட்டது. மோடத்திலிருந்து லேன் ஒயரை இழுத்து நேரடியாக டிவியில் சொருகினேன். அதன் பிறகு படம் சுற்றிக்கொண்டு நிற்கவில்லை. கரண்ட் போனால் மோடமும் போய்விடும், அதற்குச் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று வைத்தேன். இடி மின்னல் என்றால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் ஒயரையும் லேன் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

ஆனால் கபடிக்கு ஃபைபர் சரிப்படாது. எங்கள் ஊர் கபடிக்குப் பேர்போன ஊர், புரோ கபடி நடக்கும் மாதங்களில் தெருவே டிவி முன்னால்தான். இணையத்தில் நேரலை டிஷ்ஷைவிட அரை நிமிஷம் வரை பின்தங்கும். எதிர் வீட்டில் ஆரவாரம் கேட்டு முடிந்த பிறகுதான் எங்கள் திரையில் ரெய்டர் கோட்டைத் தாண்டுவார். அதனால் கபடிக்கும் செய்திக்கும் டிஷ், படத்துக்கும் கச்சேரிக்கும் ஃபைபர் என்று இரண்டையும் வைத்துக்கொண்டோம். மாதச் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. மாதக் கட்டணமே இல்லை. தமிழ் சேனல் குறைவு, பெரும்பாலும் எஸ்டி படம். 32 இஞ்ச்சுக்கு அது போதும்.

ஜனவரியில் திருவையாறு ஆராதனை. பஞ்சரத்தின கீர்த்தனைகளை யூடியூப் நேரலையில் போட்டேன். நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிகிற வரை அம்மா ஊஞ்சலை ஆட்டவே இல்லை. முன்வரிசையில் தாளம் போடும் கைகள், ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடியில் பந்தல் விளக்கு, எல்லாம் தெரிந்தது. குறை சத்தத்தில்தான். இத்தனை பெரிய டிவிக்கு இத்தனை ஒல்லியான ஸ்பீக்கர். நூறு குரல் சேரும்போது தகர டப்பாவில் அடைத்த மாதிரி ஆனது, மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த சத்தம் தரும் இடப்பக்கம், கேட்கவே இல்லை. அன்று சாயங்காலமே மன்னார்குடி போய் ஒரு சவுண்ட்பார் வாங்கி, டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கிற, சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளையில் மாட்டினேன். இப்போது தொப்பி கேட்கிறது.