8 மணி டியூட்டியா, 12 மணி டியூட்டியா? செவிலியருக்கு எது தாங்கும்?

"12 மணி டியூட்டி போட்டால் ஆள் மிச்சம்" என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை நிர்வாகிகள் சிலர் நினைப்பதுண்டு. கணக்கு அப்படி வராது. ஒரு செவிலியர் இடத்தை வாரம் முழுக்க, இரவு பகலாக நிரப்ப 168 மணி நேரம் வேண்டும். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் இரண்டு முறையிலும் மூன்றரைப் பேர்தான். 12 மணி டியூட்டியை 6 நாளும் போட்டு 72 மணி நேரம் வாங்கினால்தான் ஆள் குறையும். வேலையில் பிடிப்பு விட்டுப்போவதும் அங்கேதான்.

8 மணி முறை உடம்புக்கு நல்லது. ஆனால் 6 நாளும் பயணம். இரவு 9 மணிக்கு டியூட்டி முடிந்தால் பென்னாகரம், அரூர், தளி போகிறவருக்கு பஸ் கவலை. ஹாஸ்டலோ வண்டியோ இல்லாவிட்டால் மதிய டியூட்டிக்கு யாரும் முன்வர மாட்டார்கள். தினம் மூன்று ஹேண்டோவர் (அடுத்து டியூட்டிக்கு வருபவரிடம் நோயாளிகளின் விவரம் சொல்லி ஒப்படைப்பது) வேறு. கான்யுலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) போட்ட தேதி, சிறுநீர் அளவு போன்றவை சொல்லாமல் விட்டுப்போகும்.

12 மணி முறையில் ஹேண்டோவர் இரண்டுதான். 4 நாள் வேலை, 3 நாள் வீடு. கைக்குழந்தை உள்ளவர்கள் இதை விரும்பக்கூடும். ஆபத்து கடைசி இரண்டு மணி நேரத்தில். விடிகாலை 5 மணிக்கு நாலைந்து பேருக்கு ரத்தம் எடுத்து, "லேபிளை அப்புறம் ஒட்டலாம்" என்று டியூப்களை டிரேயில் போட்டால் பெயர் மாறும். படுக்கையருகிலேயே ஒட்ட வேண்டும்.

ஐசியுவுக்கு 8 மணியே சரி. வார்டில் 12 மணி வைக்கலாம், தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போடாமல்.