தரையில் அடித்தும் உடையாத கேன், மூன்று வாரத்தில் தானாகப் பிளந்தது

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே பாத்திரம் கழுவும் லிக்விட் செய்து விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்கள் கண்ணில் இது படவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேரும் நான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம். அழுக்கை நீக்க ஆசிட் ஸ்லரி, அதன் அமிலத்தை முறிக்க காஸ்டிக், நுரைக்கு எஸ்.எல்.இ.எஸ்., கெட்டியாவதற்கு உப்பு. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கடைகளுக்கு அரை லிட்டர் பாட்டில் போகும், ஆனால் கையில் காசு நிற்பது 5 லிட்டர் கேனில்தான். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் லாட்ஜுகள், கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் மெஸ்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

போன ஏப்ரலில், வழக்கமாகக் கேன் வாங்கும் இடத்தில் 42 ரூபாய் என்றார்கள். வேலூரில் வேறொரு மொத்தக் கடையில் 31. விலையைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம்தான். கடைக்காரர் ஒரு கேனில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தோள் உயரத்துக்குத் தூக்கி சிமெண்ட் தரையில் போட்டார். குதித்து உருண்டதே தவிர ஒரு கீறல் இல்லை. "பாத்தியாக்கா, சுத்த வர்ஜின் மெட்டீரியல். ஒரு கேன் இருநூறு கிராம்" என்றார். வர்ஜின் என்றால் மறுசுழற்சி செய்யாத புதுப் பிளாஸ்டிக். கண்ணால் பார்த்துவிட்டோமே என்று 80 கேன் எடுத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐம்பது கேனில் லிக்விட் நிரப்பினோம். தகரக் கூரை போட்ட எங்கள் அறையில் நான்கு நான்காக மேலே மேலே அடுக்கினோம். கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் தரை முழுக்க லிக்விட். அடி வரிசையில் ஏழு கேன் பிளந்திருந்தது. யாரும் இடிக்கவில்லை, எதுவும் மேலே விழவில்லை. அன்று சாயங்காலமே ஒரு லாட்ஜிலிருந்து போன். அவர்கள் ஸ்டோர் ரூமில் இரண்டு கேன் ஒழுகி, கீழே இருந்த பெட்ஷீட் கட்டெல்லாம் நனைந்துவிட்டது. "இன்னாம்மா இது, தொட்டதுக்கே கையோட வருது" என்றார் மேனேஜர். சலவைக் கூலியை நாங்கள்தான் கொடுத்தோம். அந்த மாதம் முடிவதற்குள் மொத்தம் 23 கேன் போனது.

விரிசலைக் கவனித்துப் பார்த்தேன். கேன் செய்யும் இந்தப் பால் வெள்ளை ஹெச்.டி. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன்) பிளாஸ்டிக்கை இழுத்துக் கிழித்தால் வெளுத்து, சூயிங்கம் போல நீண்டுதான் அறும். இதில் நீட்சியே இல்லை. பிளேடு போட்ட மாதிரி நேர்க்கோடு, எல்லாமே அடி மூலையிலும் கைப்பிடி சேருமிடத்திலும்தான்.

கிண்டியில் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த பெரியம்மா பையன் ஒருவன் இருக்கிறான். கேனைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததுமே "இது அடிபட்டு உடைஞ்சது இல்லக்கா, சோப்பால வந்த விரிசல்" என்றான். அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நீள நீளமான நூல் மாதிரி. பல இடங்களில் மடிந்து அடுக்கடுக்காக இறுகியிருக்கும். ஒரு அடுக்கை அடுத்த அடுக்கோடு பிடித்து வைத்திருப்பது இடையில் ஓடும் கொஞ்சம் நூல்கள்தான். மேலே சுமை இருந்துகொண்டே இருந்தால் அந்த நூல்கள் மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வரும். சோப்பு பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை, அரிப்பதும் இல்லை. நுண்ணிய இடுக்குகளில் புகுந்து அந்த உருவலைச் சுலபமாக்குகிறது, அவ்வளவுதான். வெயில் சூடு அதை வேகப்படுத்தும். தண்ணீரால் இந்த வேலை நடக்காது. கடைக்காரர் எனக்குக் காட்டிய சோதனைக்கும் நான் வாங்கப்போன பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்படியென்றால் நல்ல கேன் மட்டும் எப்படித் தாங்குகிறது? அதில் நூல் நீளம், கோர்வை அதிகம். பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, மறுபடி குருணையாக ஆக்கும்போது நூல்கள் அறுந்து குட்டையாகிவிடுகின்றன. கூடவே மூடி, டப்பா என்று பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் கலந்துவிட்டால், அது ஹெச்.டி.யோடு ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும், விரிசலுக்கு அதுவே வழி. அதோடு, குழாயாக இறங்கும் பிளாஸ்டிக்கை அச்சுக்குள் காற்றால் ஊதித்தான் கேன் செய்கிறார்கள். மூலைக்குப் போகும் பிளாஸ்டிக் அதிகம் இழுபடுவதால் அங்கேதான் மெல்லிசு. எடையைக் குறைத்தால் முதலில் அடி வாங்குவது மூலைதான். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். இருநூறு கிராம் என்று சொன்ன கேன் 158 கிராம் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல் நிறக் கோடுகளும் கரும்புள்ளிகளும் தெரிந்தன. வாங்கும்போதே இதைச் செய்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில் "சோப்பு ஊத்தினா நாங்க பொறுப்பில்லக்கா" என்றார். லிக்விட் ஊற்றத்தான் வாங்குகிறேன் என்று அன்றே சொல்லித்தான் வாங்கினேன். அப்புறம் குரலை உயர்த்தி, "முப்பத்தியொரு ரூபாய்க்கு வர்ஜின் எங்கக்கா வரும்?" என்றார். அதை விற்கும்போது சொல்லியிருந்தால் நான் வாங்கியே இருக்கமாட்டேன். மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் பூந்தொட்டி செய்யட்டும், குப்பைக்கூடை செய்யட்டும், அதில் தப்பே இல்லை. வர்ஜின் என்று பொய் சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

நம்மைப் போலச் சொந்தப் பிழைப்புக்காகத் தொழில் செய்பவர்கள் வாங்கும் பொருளுக்கும் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்த வாய்ப்பு உண்டு. வியாபாரத்துக்கு வாங்கினீர்கள் என்று சொன்னதும் விட்டுவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆனால் என் கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. தயவுசெய்து ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் பொருளின் வகையையும் எடையையும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தம்பி சொல்லிக்கொடுத்த சோதனை. கேன் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நடுவில் பிளேடால் லேசாகக் கீறி, கீறல் வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்து, கிளிப் போட்டு, பத்து மடங்கு தண்ணீர் கலந்த லிக்விடில் மூழ்கவைத்து, பகலில் வெயிலில் வைக்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் 50 டிகிரி சூட்டில் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்களாம். 31 ரூபாய்க் கேனின் பட்டை நான்காம் நாள் இரண்டாகிவிட்டது. பழைய இடத்தில் வாங்கிய 42 ரூபாய்க் கேனின் பட்டையை அதே பாட்டிலில்தான் போட்டேன். இன்றோடு முப்பத்தெட்டு நாள், இன்னும் வளைந்தபடியே இருக்கிறது.