பழைய ரயில் தடமா, கால்வாய்க் கரையா, வனச் சாலையா? மலைக்காட்டுச் சரளைப் பாதைகள் ஓர் ஒப்பீடு

கார், லாரித் தொந்தரவு இல்லாமல் மலைக்காட்டுக்குள் சரளையில் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவருக்குப் பெரும்பாலும் மூன்று வகைப் பாதைகள் கிடைக்கும். தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய ரயில் தடம் ஒன்று. படகுப் போக்குவரத்து நின்றுபோன கால்வாயின் கரைப்பாதை இன்னொன்று. மரம் ஏற்றவும் காட்டுத் தீயை அடக்கவும் போட்ட வனச் சாலை மூன்றாவது. புகைப்படத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: இருபக்கமும் மரம், நடுவே வெளிறிய சரளை. ஆனால் 60 கி.மீ. என்ற எண்ணை மட்டும் நம்பித் திட்டமிட்டால், ஒன்றில் நாலு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மற்றொன்றில் பாதி தூரத்திலேயே பொழுது சாய்ந்துவிடும். நீராவி எஞ்சினுக்காக வெட்டிய பாதையும், படகுக்காக வெட்டியதும், லாரிக்காக வெட்டியதும் ஒரே சரிவில் இருக்காது. தூரத்தைவிடச் சரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரிவுக் கணக்கு

ரயில் தடம் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீத ஏற்றத்துக்குள் நிற்கும். மலைப்பகுதி ரயிலில் சில இடங்களில் 4 சதவீதம் வரை போகும். அமெரிக்காவின் பிளாக் ஹில்ஸ் மலைகளில் 175 கி.மீ. ஓடும் மிக்கெல்சன் தடம் அப்படிப்பட்டது. கால்வாய்க் கரை கிட்டத்தட்ட சமதளம். வனச் சாலையில் 8, 10 சதவீதம் என்பது சாதாரணம், சின்னச் சின்னத் துண்டுகளில் 15 வரை செங்குத்தாகும்.

இந்த எண்கள் காலில் எப்படித் தெரியும்? ஆளும் வண்டியும் பையும் சேர்த்து 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான சரளையில் 2 சதவீத ஏற்றத்தை மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஏற சுமார் 175 வாட் உழைப்பு தேவை. அதே 175 வாட்டைப் போட்டால் 10 சதவீத ஏற்றத்தில் கிடைப்பது 6 கி.மீ. வேகம்தான். மூன்றில் ஒரு பங்கு.

அதனால் கியரும் மாற வேண்டும். முன்னால் பெடலோடு சுழலும் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 42 பல் என்ற அமைப்பில் 6 கி.மீ. வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 48 சுற்றுதான் சுற்றும். அவ்வளவு மெதுவாக அழுத்தி மிதிக்கும்போது ஒவ்வொரு மிதியிலும் விசை ஒரே நொடியில் குவிகிறது; முழங்கால் நோகும், தளர்ந்த சரளையில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். முன்னால் 30 பல் போட்டால் அதே வேகத்தில் 64 சுற்று கிடைக்கும், பிடிமானமும் கூடும். ரயில் தடத்துக்கும் கால்வாய்க் கரைக்கும் 40 பல்லே போதும்.

வரைபடத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். 1:25,000 அளவு வரைபடத்தில் 10 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு இருக்கிறது என்றால், பாதையின் மேல் இரண்டு கோடுகளுக்கு இடையே 4 மி.மீ. வந்தால் அது 10 சதவீத ஏற்றம். 20 மி.மீ. வந்தால் 2 சதவீதம். ஸ்கேலை வைத்து ஐந்து நிமிடம் அளந்தால் ஒரு நாள் அவதி மிச்சம்.

ஒரே ஊரில் சந்திக்கும் இரண்டு பாதைகள்

ரயில் தடத்தையும் கால்வாய்க் கரையையும் ஒப்பிட அமெரிக்காவின் கம்பர்லேண்ட் ஊரைவிட நல்ல இடம் அமைவது கடினம். பிட்ஸ்பர்கிலிருந்து வரும் கிரேட் அலெகெனி பாசேஜ் என்ற 240 கி.மீ. ரயில் தடமும், வாஷிங்டனிலிருந்து வரும் சி அண்ட் ஓ கால்வாயின் 297 கி.மீ. கரைப்பாதையும் இங்கே முட்டிக்கொள்கின்றன.

ரயில் தடத்தில் பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது தார்ச்சாலைக்கு அடுத்தபடி வேகம் தரும் தளம் இது. பிட்ஸ்பர்க் பக்கமிருந்து ஏறினால் ஏறுவதே தெரியாது, 200 கி.மீ. ஓட்டித்தான் 729 மீட்டர் உயரத்து உச்சிக்கு வருவோம். அங்கிருந்து கம்பர்லேண்டுக்கு வெறும் 38 கி.மீ.யில் 540 மீட்டர் இறக்கம். எதிர்த்திசையில் புறப்பட்டால் முதல் நாள் காலையிலேயே அந்த 38 கி.மீ.யும் விடாத ஏற்றமாகிவிடும். பாரம் ஏற்றிய வண்டிக்குப் பிட்ஸ்பர்கில் தொடங்குவதே சரி. உச்சிக்கு அருகே ஏறத்தாழ 1 கி.மீ. நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிக்கட்டிச் சேதத்தைத் தவிர்க்கக் கதவடைத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் முழுப் பாதையையும் ஒரே மூச்சில் ஓட்ட நினைக்கக் கூடாது.

கால்வாய்க் கரை முழுதுக்கும் சேர்த்து உயர வித்தியாசம் 184 மீட்டர்தான். படகுகளை ஏற்றி இறக்கிய, லாக் எனப்படும் 74 மதகுத் தொட்டிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டரை மீட்டர் அளவுக்கு ஒரு சிறு மேடு, மற்றபடி சமம். அப்படியானால் இதுதானே சுலபம் என்று தோன்றும். இல்லை. படகை இழுத்த கோவேறு கழுதைகளுக்காகப் போட்ட மண்கரை அது. சில பகுதிகளில் புதிதாகக் கல்பொடி போட்டிருந்தாலும், பல இடங்களில் இன்னும் களிமண்ணும் வேரும்தான். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் பொடோமாக் ஆறு, தலைக்கு மேல் அடர்ந்த மரம். மழை பெய்து ஓய்ந்த பிறகும் நிழலில் இரண்டு மூன்று நாள் ஈரம் உலராது. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சேறு அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மட்கார்ட் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும். 950 மீட்டர் நீளமுள்ள பா பா சுரங்கத்தில் கரைப்பாதை மிகக் குறுகல், தரையும் கரடுமுரடு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

கால்வாய்க் கரைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: சைக்கிளில் வருவோருக்கென வழியோரத்தில் கூடாரத் திடல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ரயில் தடத்தில் ஊர்களைக் கணக்கிட்டு ஓட்ட வேண்டும்.

சமதளத்துக்கென்று ஒரு வலி இருக்கிறது, அதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் மிதிப்பதை நிறுத்தவே வாய்ப்பில்லை, உட்கார்ந்த நிலையும் மாறாது. நாலாவது மணியில் உள்ளங்கை மரத்துப்போகும், உட்காரும் இடம் எரியும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதித்தால் இது வராமல் தடுக்கலாம்.

வனச் சாலை: கடினமானது, கணிக்க முடியாதது

வனச் சாலையின் தளம் லாரிக்கு ஏற்றது. புதிதாகப் போட்ட இடத்தில் 40 முதல் 60 மி.மீ. கூர்மையான ஜல்லி கிடக்கும். டயரின் பக்கவாட்டைக் கிழிப்பது இதுதான். செங்குத்தான ஏற்றத்திலும் வளைவுக்கு முன்பும் வண்டிகள் பிரேக் போட்டு, வேகம் கூட்டிப் போனதால் தளம் துணி துவைக்கும் பலகைபோல அலையலையாக ஆகியிருக்கும். அலைகள் வண்டிச் சக்கரங்கள் ஓடும் தடத்தில்தான் ஆழமாக இருக்கும்; சாலையோரத்தில் அலை குறைவு, ஆனால் உதிரிச் சரளை அதிகம். வேகத்தை அலைக்கு முன்பே குறைத்துவிட்டு, அலைமேல் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். மழைநீரைத் திருப்பிவிட சாலையின் குறுக்கே வெட்டிய வடிகால் பள்ளங்கள் இறக்கத்தில் திடீரென்று வரும். இரண்டு சக்கரத்தையும் நேராக வைத்து, கையைத் தளர்த்திக் கடக்க வேண்டும். சாய்ந்தபடி போனால் முன்சக்கரம் மடங்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் முண்டா பிட்டி பாதை காட்டுத் தடங்களுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முண்டாரிங்கிலிருந்து ஆல்பனி வரை ஜாரா, காரி மரக்காடுகளினூடே 1,000 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. 2013-இல் முழுமை பெற்றது. அங்கே சிக்கல் கூர்மையான கல் அல்ல, பட்டாணி அளவு உருண்டைச் சரளை. கெட்டித் தரையின்மேல் கோலிகுண்டைக் கொட்டியதுபோல இருக்கும். டயர் காற்றைக் குறைத்து, உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, சீரான மிதியில், கைப்பிடியைத் திருப்பாமல் உடலைச் சாய்த்துத் திருப்புவதுதான் வழி. அந்தக் காட்டு மரங்களின் வேரைக் கொல்லும் ஃபைட்டாப்தோரா நோய் ஈரமண் வழியே பரவுகிறது. அதனால் டயரிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணைத் தட்டித் துடைத்துவிட்டே அடுத்த பகுதிக்குள் நுழைய வேண்டும். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

வனச் சாலையில் வழி தவறுவது வேறு விதம். வரைபடத்தில் நல்ல சாலையாகத் தெரிவது, மரம் அடுக்கும் வெட்டவெளியில் வட்டமாக முடிந்துவிடும். கிளைத்தடங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். தொலைபேசியில் இணையமில்லாமல் திறக்கும் வரைபடம் கட்டாயம். சாலையின் நுழைவாயிலில் மரம் வெட்டும் அறிவிப்புப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். லாரி ஓட்டுநர் வளைவில் சைக்கிளை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

டயர், காற்று, பிரேக்

ரயில் தடத்துக்கு 38 முதல் 40 மி.மீ. டயர், நடுவில் வழவழப்பானது போதும். 75 கிலோ ஆளுக்கு முன்னால் 33, பின்னால் 36 பி.எஸ்.ஐ.யில் தொடங்கிப் பார்க்கலாம். வனச் சாலைக்கு 45 முதல் 50 மி.மீ., பொத்தான் பொத்தானாகப் பல் உள்ளது, முன்னால் 25, பின்னால் 28. கால்வாய்க் கரைக்கு 42 மி.மீ. அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது; அதைவிட அகலமானால் சேறு விலக இடமிருக்காது, டயரைச் சுற்றி 6 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். டியூப் போட்டு ஓட்டுகிறவர்கள் எல்லாவற்றிலும் 4, 5 பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேரில் மோதும்போது ரிம்முக்கும் வேருக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

நனைந்த சுண்ணாம்புப் பொடி செயினில் பசைபோல ஒட்டி, காய்ந்ததும் சிமெண்டாக இறுகும். அன்று மாலையே தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் இட வேண்டும். மறுநாள் காலை என்று விட்டால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஈரமான வனச் சாலை இறக்கத்தில் டிஸ்க் பிரேக்கின் ரெசின் (பிசின் கலவை) பேட் கண்ணெதிரே கரையும். உராய்வுப் படலம் 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள், அல்லது உலோகக் கலவைப் பேட் போடுங்கள். ரயில் தடத்தில் பிரேக் பெரிய விஷயமே இல்லை. அங்கே விளக்குதான் முக்கியம்: அமெரிக்காவின் ஹயவாத்தா தடத்தில் உள்ள டாஃப்ட் சுரங்கம் சுமார் 2.7 கி.மீ. நீளம், விளக்கில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 8 டிகிரி அளவுக்குக் குளிரும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெல்லிய ஜாக்கெட்டை வாசலிலேயே போட்டுக்கொண்டு நுழையுங்கள்.

எதைத் தேர்வது?

முதன்முறையாகப் பலநாள் பயணம் போகிறவர், குழந்தையோடு போகிறவர், பாரம் மிகுந்த வண்டி: ரயில் தடம், யோசிக்கவே வேண்டாம். கால்வாய்க் கரையைத் தொடர்ந்து ஒரு வாரம் வெயில் அடித்த பிறகு எடுங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். வனச் சாலை ஏற்றம் பிடித்தவர்களுக்கானது. ஆளரவமற்ற காடு வேண்டுமென்றால் அதற்கு ஈடு வேறில்லை. ஆனால் நாளுக்கு ரயில் தடத்தில் ஓட்டுவதில் பாதித் தூரம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பையில் டயர் கிழிசலுக்கு உள்ளே வைக்கக் கெட்டியான ரப்பர்த் துண்டு ஒன்றும், டியூப்லெஸ் டயரை அடைக்கும் திரிகள் நாலும், ஒரு மாற்று டியூபும் இருக்கட்டும்.